குவாங்சோவில் நள்ளிரவில் இறங்கி ஊருக்குள் போவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். தென் சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் ஃபேர் என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சிக்கு அக்டோபரில் முதல் முறையாகப் போகிறீர்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர் மாறி குவாங்சோ. இறங்கும் நேரம் இரவு 11.35. ஹோட்டல் பாசோவில், கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு நாள் பக்கத்து ஊரான ஃபோஷான் போய் டைல்ஸ் பார்க்க வேண்டும், கடைசி நாள் ஹாங்காங்கை ஒட்டிய ஷென்சென். கையில் டாலர், ஒரே ஒரு கிரெடிட் கார்டு, சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. "ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோவா, டாக்ஸியா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அதற்கு ஒரு வரியில் பதில்: அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது, டாக்ஸிதான். ஆனால் உங்களைக் குடைகிற கேள்வி அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். யுபிஐ செல்லாத, கூகுள் திறக்காத, டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாத ஊரில், நடுராத்திரியில் பெட்டியோடு நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. திருப்பூர் யூனிட்களுக்கு ஜிப், பட்டன், லேபிள் வாங்குவதற்காகப் பல வருடமாக அந்த ஊருக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: குவாங்சோவில் போக்குவரத்து ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை உங்கள் போனில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் உங்கள் வீடும் கோலாலம்பூரும். குவாங்சோ போய்ச் சேர்ந்த பிறகு அதைச் செய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

முதலில் பணம். சீனாவில் இளநீர்க் கடை வரைக்கும் க்யூஆர் கோடுதான். அலிபே, வீசாட் என்ற இரண்டு ஆப்களில் ஊரே ஓடுகிறது. 2023லிருந்து இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். இணையத்தில் இருக்கும் இங்கிலீஷ் கட்டுரைகள் எல்லாம் "ஊரிலேயே ஆப்பைப் போட்டு, கார்டைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடும். அது அமெரிக்கனுக்கும் ஆஸ்திரேலியனுக்கும் சரி. நமக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் வீசாட் ஒன்று. அதே வருடம் செப்டம்பரில் வந்த 118 ஆப் பட்டியலில் அலிபே இருந்தது. ஆகவே இங்கே உட்கார்ந்துகொண்டு அவற்றை இறக்க முடியாது. தடையைச் சுற்றிப்போகும் குறுக்கு வழிகளை நான் சொல்லப்போவதும் இல்லை, அது தேவையும் இல்லை.

உங்களுக்குக் கோலாலம்பூரில் இடைவெளி இருக்கிறதல்லவா, அங்கே உட்கார்ந்து செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் அலிபே நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கலாம். ஐபோன் என்றால் ஆப் ஸ்டோரின் நாட்டை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் கணக்கில் பாக்கித் தொகையோ ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவோ இருந்தால் நாட்டை மாற்ற விடாது, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் அலிபேயையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். புதிதாக வீசாட் கணக்கு திறந்தால், ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்காக ஸ்கேன் செய்து உறுதி சொல்ல வேண்டும் என்று சில சமயம் கேட்கும். அலிபேயில் இந்திய நம்பரும் பாஸ்போர்ட் படமும் போதும். கண்காட்சியில் எந்த ஸ்டாலுக்குப் போனாலும் வீசாட் ஐடிதான் கேட்பார்கள் என்பது உண்மை. அதை அங்கே போன பிறகு, உங்களுக்குச் சாம்பிள் காட்டுகிற சேல்ஸ் பெண்ணிடமே ஸ்கேன் செய்யச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

கார்டைச் சேர்க்கும்போது வங்கியிலிருந்து ஓடிபி வரும். அதனால் இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். அப்புறம், நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடியே இருக்கும், ரிசர்வ் வங்கி 2020ல் கொண்டுவந்த விதி அது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் போய்த் திறந்து, வரம்பையும் உயர்த்திவிடுங்கள். இங்கே ஒரு சந்தேகத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: எந்த இந்திய வங்கியின் கார்டு ஒட்டும், எது ஒட்டாது என்பதற்கு நான் பார்த்தவரை ஒரு நியதியும் இல்லை. ஒரே வங்கியின் ஒரு கார்டு போய், இன்னொன்று மறுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரே ஒரு கார்டோடு போகாதீர்கள். வேறு வங்கியின் இரண்டாவது கார்டு ஒன்று, முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். ரூபேயை நம்ப வேண்டாம். இன்னொன்று: வெளிநாட்டுக் கார்டு வழியாக 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்கு அலிபே கட்டணம் எடுப்பதில்லை, அதைத் தாண்டினால் மூன்று சதவீதம் போகும். ஹோட்டல் பில்லுக்கு நேரடியாகக் கார்டைத் தேய்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு அலிபேயைத் திறங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆப் காலை வாரலாம். அதற்குத்தான் ரொக்கம். சீனாவில் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு மத்திய வங்கியின் விதியே இருக்கிறது, டாக்ஸியில் வாங்கிக்கொள்வார்கள். மாட்டிக்கொள்வது சில்லறையில்தான். நூறு யுவான் நோட்டை நீட்டினால் டிரைவர் கையை விரிப்பார். நூறு டாலரையாவது கோலாலம்பூர் ஏர்போர்ட்டிலேயே யுவானாக மாற்றி, பத்தும் இருபதுமாகக் கேட்டு வாங்குங்கள். நள்ளிரவில் குவாங்சோவில் நாணய மாற்றுக் கவுன்டர் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இறங்க வேண்டாம். ஏடிஎம்கள் இருக்கின்றன, ஆனால் அதுவும் மேலே சொன்ன கார்டு ராசியைப் பொறுத்தது. ரூபாய் நோட்டு அங்கே வெறும் காகிதம்.

இரண்டாவது இணையம். கூகுள், வாட்ஸ்அப், ஜிமெயில் எதுவும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. ஆனால் உங்கள் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் எல்லாம் திறக்கும், ஏனென்றால் அந்தப் போக்குவரத்து இந்திய நிறுவனத்தின் வழியாகத்தான் சுற்றிவருகிறது. ஆகவே ஊரிலேயே ரோமிங் பேக் போட்டுவிடுங்கள். விலையைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள்; வியாபாரத்துக்குப் போகிறவருக்கு அது செலவே இல்லை. கூகுள் மேப் திறந்தாலும் அதை நம்பி நடக்காதீர்கள். சீனாவில் வரைபடங்களுக்குச் சட்டப்படி வேறு ஆயத்தொலைவு முறை உண்டு, அதனால் கூகுள் காட்டும் புள்ளி நிஜ இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள் மேப்ஸ் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழித் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். கேமராவை நீட்டினால் போர்டையும் மெனுவையும் படித்துச் சொல்லும்.

மூன்றாவதாக ஒரு சின்ன விஷயம், ஆனால் அந்த இரவு உங்களைக் கரைசேர்க்கப் போவது இதுதான். ஹோட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில், ஹோட்டலின் போன் நம்பரோடு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பெயர் டிரைவருக்கு ஒன்றும் சொல்லாது. ஒரே செயின் ஹோட்டலுக்கு குவாங்சோவில் இருபது, முப்பது கிளைகள் இருக்கும். பெயரை மட்டும் காட்டினால் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் கிளை முன்னால் இறங்குவீர்கள். டிரைவர் தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, ஹோட்டலுக்கே போன் போட்டு இரண்டு நிமிடம் சத்தமாகப் பேசுவார். சண்டை போடுகிறாரோ என்று தோன்றும். அந்த ஊர்ப் பேச்சான கான்டனீஸ் அப்படித்தான் காதில் விழும். வழி கேட்கிறார், அவ்வளவுதான்.

இப்போது விமான நிலையம். பையுன் விமான நிலையம் நகர மையத்துக்கு வடக்கே சுமார் 28 கிலோமீட்டரில் இருக்கிறது. பழைய நிலையம் பையுன் மலையடிவாரத்தில் ஊரை ஒட்டி இருந்தது; 2004 ஆகஸ்டில் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். 2018 ஏப்ரலில் இரண்டாம் டெர்மினல் வந்தது, 2025 அக்டோபர் கடைசியில் மூன்றாவதும் திறந்துவிட்டது. மூன்றாவது வந்ததிலிருந்து எந்த ஏர்லைன்ஸ் எந்த டெர்மினல் என்பது மாறிக்கொண்டே வருகிறது. பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்வதை நம்பாமல் உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சைனா சதர்ன் என்றால் இரண்டாம் டெர்மினல். வரும்போது இது பெரிய விஷயமில்லை, திரும்பும்போதுதான் கடிக்கும்.

இறங்கியதும் கைரேகை இயந்திரங்கள் வரிசையாக நிற்கும், பாஸ்போர்ட்டை வைத்தால் உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வருகை அட்டையை 2025 நவம்பர் 20 முதல் இணையத்திலேயே நிரப்பும் வசதி வந்துவிட்டது. விமானம் ஏறும் முன்பே நிரப்பிவிட்டால் அங்கே பேனா தேடி அலைய வேண்டாம். குடியேற்ற அதிகாரி ஹோட்டல் புக்கிங்கையும் கண்காட்சி அழைப்புக் கடிதத்தையும் கேட்கலாம், இரண்டும் காகிதத்தில் இருக்கட்டும். விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் 30 நாள் விசா இல்லாமல் போகலாம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டும். பத்து நாள் டிரான்சிட் சலுகை என்று பரவலாகப் பேசப்படும் 240 மணி நேரத் திட்டத்தில் இந்தியா இல்லை. மூன்றாம் நாட்டுக்குப் போகிறவர்களுக்கான 24 மணி நேர டிரான்சிட் நமக்கும் உண்டு, ஆனால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே விடுவது அந்தக் கவுன்டரில் இருக்கும் அதிகாரியின் விருப்பம். அதை நம்பி யாருக்கும் மீட்டிங் கொடுத்துவிடாதீர்கள்.

சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி, ஃப்ரெண்ட்" என்று லேமினேட் செய்த அட்டையோடு ஒருவர் வருவார். இங்கிலீஷ் நன்றாகவே பேசுவார். ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: உங்களைத் தேடி யார் வருகிறாரோ அவர் டாக்ஸி இல்லை. நிஜ டாக்ஸி டிரைவர் காரைவிட்டு இறங்கவே மாட்டார். போர்டைப் பின்தொடர்ந்து டாக்ஸி வரிசைக்குப் போனால் ஒழுங்குபடுத்த ஆட்கள் நிற்பார்கள், நீங்கள் எந்தக் காரில் ஏற வேண்டும் என்று கையைக் காட்டுவார்கள். இப்போது பெரும்பாலும் பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சாரக் கார்கள். குவாங்சோ மீட்டர் முதல் மூன்று கிலோமீட்டருக்கு 12 யுவானில் தொடங்குகிறது, அதன் பிறகு கிலோமீட்டருக்கு 2.6. தூரம் கூடினால் கிலோமீட்டர் விலையும் கூடும், இரவுக் கட்டணம் தனி. பாசோ வரை 40 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் சேர்த்து 150லிருந்து 200 யுவானுக்குள் முடிய வேண்டும். லேமினேட் அட்டைக்காரர் இதைப்போல இரண்டு மடங்கு சொல்வார். இந்தக் கணக்கில் பத்து இருபது யுவான் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 300ஐத் தொட்டால் ஏதோ தவறு.

ஏறியதும் மீட்டர் போட்டாரா என்று பாருங்கள். இறங்கும்போது மீட்டரிலிருந்து வரும் சின்னச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் காரின் விவரம் இருக்கும்; சாம்பிள் பையைப் பின்சீட்டில் மறந்துவிட்டால் ஹோட்டல் ரிசப்ஷனில் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும், தேடிப் பிடித்துத் தருகிறார்கள். முன்சீட்டின் முதுகில் தொங்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தொகையை நீங்களே டைப் செய்ய வேண்டும். கை நடுங்கி ஒரு பூஜ்யம் கூடிவிடாமல் பாருங்கள். டிடி என்ற ஆப் கார் சேவையும் அலிபேக்குள்ளேயே இருக்கிறது, இங்கிலீஷில் வரும், டிரைவரோடு நடக்கும் சாட்டைத் தானே மொழிபெயர்க்கும். பகலில் ஊருக்குள் சுற்ற அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் இரவு ஏர்போர்ட்டில் வேண்டாம். பிக்அப் இடம் பார்க்கிங் கட்டிடத்தின் ஏதோ ஒரு தளத்தில் இருக்கும், டிரைவர் போன் போட்டுச் சீனத்தில் கேள்வி கேட்பார், நீங்கள் பெட்டியோடு லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஹோட்டலுக்கு முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டு, இரவு ஒன்றரை மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லிவிடுங்கள். ஃபேர் சமயத்தில் பாசோ பக்கம் அறைக்கு அடிதடி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், ஹோட்டலே பாஸ்போர்ட்டை வாங்கிச் செய்துவிடும். வெளிநாட்டவரைத் தங்கவைக்க முடியாது என்று மறுக்கக் கூடாதென 2024ல் அரசே சொல்லிவிட்டது. இருந்தாலும் சின்ன விடுதிகளில் அந்தப் பதிவை எப்படிச் செய்வது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். நள்ளிரவில் அந்த விழிப்பைப் பார்க்க நேராதபடி, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விமர்சனம் எழுதியிருக்கும் ஹோட்டலாக எடுங்கள்.

விமானம் முன்னதாக வந்து, எல்லாம் சீக்கிரம் முடிந்தால் மெட்ரோ பிடிக்கலாமே என்று நினைப்பீர்கள். வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து கடைசி ரயில் பதினொரு மணியை ஒட்டிப் போய்விடும், காலை ஆறு மணிவாக்கில்தான் மறுபடி தொடங்கும். ஆனால் பகலில் இறங்குகிறவர்களுக்கும், நீங்கள் திரும்பும்போதும், மெட்ரோவைப் போல வேறில்லை. டாக்ஸிக்கு 150 கேட்கும் ஊரில் இது பத்து யுவானுக்குள் அடங்கும். மூன்றாம் லைன்தான் ஏர்போர்ட்டுக்கு வருகிறது; முதல் டெர்மினலுக்கு ஏர்போர்ட் சவுத், இரண்டாவதுக்கு ஏர்போர்ட் நார்த். மூன்றாம் டெர்மினலில் இறங்குகிறவர்கள் இலவச ஷட்டில் பஸ்ஸில் வந்து சேர வேண்டும். நார்த் தான் முதல் ஸ்டேஷன், அங்கே ஏறினால் உட்கார இடம் நிச்சயம்.

அந்த இடத்தை விட்டு எழுந்துவிடாதீர்கள். மூன்றாம் லைன் சீனாவிலேயே பேர்போன நெரிசல் லைன். ஜியாஹே வாங்காங் ஸ்டேஷன் வரும்வரை பெட்டி காலியாக ஓடும். அங்கே கதவு திறந்ததும் புறநகரிலிருந்து வேலைக்குப் போகும் கூட்டம் முழுதும் உள்ளே வரும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை 23 கிலோ பெட்டியோடு அதில் நிற்பது எனக்குப் பிடிக்காத காரியம். அந்த நேரத்தில் இறங்கினால் ஏர்போர்ட்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புவேன். ஸ்டேஷனுக்குள் நுழையும்போதெல்லாம் பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும். டிக்கெட் மெஷினில் இங்கிலீஷ் உண்டு, காசு போட்டால் பச்சை நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். உள்ளே போகும்போது அதைக் காட்டி, வெளியே வரும்போது துவாரத்தில் போட வேண்டும். மெஷின் பெரிய நோட்டை வாங்காது, மறுபடியும் அந்தப் பத்து யுவான் நோட்டுகள்தான் உதவும். அலிபேயில் குவாங்சோ மெட்ரோ கோடு எடுத்துவிட்டால் இந்த வில்லைத் தொல்லையும் இல்லை. அறிவிப்பு மாண்டரின், கான்டனீஸ், இங்கிலீஷ் மூன்றிலும் வரும்.

இப்போது பாசோ போகும் வழி. இணையத்தில் தேடினால் நிறைய இடத்தில் தியூ ஷிலு ஸ்டேஷனில் மாறி, கேசுன் போய், அங்கே எட்டாம் லைனுக்கு மாறச் சொல்லியிருப்பார்கள். தவறில்லை, ஆனால் பழசு. தியூ ஷிலுவில் பெட்டியோடு மாறுவது ஒரு சோதனை. 2024 டிசம்பர் கடைசியில் 11ஆம் லைன் திறந்தது, நகரைச் சுற்றிவரும் வட்டப் பாதை. அதன் பிறகு மூன்றாம் லைனில் குவாங்சோ ஈஸ்ட் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி 11க்கு மாறினால், நேராகப் பாசோ. ஒரே ஒரு மாற்றம். வட்டப் பாதை என்பதால் எந்தப் பக்கம் போகும் ரயில் என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். தவறினாலும் தொலைந்துபோக மாட்டீர்கள், ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வீர்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியின் ஏ பகுதிக்குப் போவதானால் எட்டாம் லைனில் பாசோவுக்கு முந்தைய ஸ்டேஷனான ஷின்காங்தோங் பக்கம். பி, சி பகுதிகளுக்குப் பாசோ.

ஃபேரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நீங்கள் டைல்ஸ், பாத்ரூம் சாமான் பார்க்கப் போகிறீர்கள், தேதியோ 15ஆம் தேதி தொடங்கும் முதல் கட்டத்துக்கு எடுத்திருக்கிறீர்கள். முதல் கட்டம் மெஷினரி, எலெக்ட்ரானிக்ஸ், ஹார்ட்வேர். கட்டிடப் பொருளும் வீட்டுச் சாமானும் 23ஆம் தேதி தொடங்கும் இரண்டாம் கட்டத்தில்தான் வரும். துணிமணி மூன்றாம் கட்டம். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று இன்றே பாருங்கள். இந்தப் பதிலில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஃபோஷானுக்கு ரயில், பஸ் எதுவும் தேட வேண்டாம். மெட்ரோ நேராகவே போகிறது. பாசோவில் எட்டாம் லைன் ஏறி, ஷாயுவானில் குவாங்ஃபோ லைனுக்கு மாறினால் எப்போது குவாங்சோ முடிந்தது, எப்போது ஃபோஷான் வந்தது என்றே தெரியாது. 2010லிருந்து ஓடுகிறது. ஆனால் ஃபோஷானுக்குள் டைல்ஸ் ஷோரூம்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், அங்கே டிடிதான் சரி. ஃபேக்டரிக்காரர்கள் பலர் "லொகேஷன் சொல்லுங்கள், கார் அனுப்புகிறோம்" என்பார்கள். போகலாம், அது அங்கே சாதாரணம். காரில் ஏறிய கடனுக்காக ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

ஷென்செனுக்கு: பாசோவிலிருந்து எட்டாம் லைன், சாங்காங்கில் இரண்டாம் லைனுக்கு மாறி, அதன் கடைசி ஸ்டேஷனான குவாங்சோ சவுத். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஷென்சென் நார்த் நாற்பது நிமிடத்துக்குள். டிக்கெட்டை டிரிப் டாட் காமில் பாஸ்போர்ட் நம்பரோடு எடுங்கள். தானியங்கிக் கதவு சீன அடையாள அட்டைக்குத்தான் பழகியது. ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் வழியில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போக வேண்டும். ஸ்டேஷன் ஒரு சின்ன ஏர்போர்ட் அளவு, ஒரு மணி நேரம் முன்னால் இருங்கள். அங்கிருந்து ஹாங்காங் எட்டிப்பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை வரும். உங்கள் சீன விசா ஒருமுறை நுழைவு என்றால், ஹாங்காங் எல்லை தாண்டியதும் அது முடிந்துவிடும், குவாங்சோ திரும்ப முடியாது. ஹாங்காங்குக்கு நம் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இணையத்தில் முன்பதிவு வேறு செய்ய வேண்டும்.

சாப்பாடு கேட்டிருந்தீர்கள். சியாவ்பெய், தாவ்ஜின் ஸ்டேஷன்கள் பக்கம், ஐந்தாம் லைனில், இந்திய ஹோட்டல்கள் இருக்கின்றன, சைவமும் கிடைக்கும். முதல் இரவுக்குப் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நடக்கிற விஷயத்தில் நான் அந்த ஊரை எந்த இந்திய நகரத்தைவிடவும் நம்புவேன். என் அனுபவம் கடைத்தெரு, கண்காட்சி, மார்க்கெட் இவற்றோடு முடிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுச் சுற்றாதீர்கள், எங்கே வேண்டுமானாலும் கேட்பார்கள்.

திரும்பும்போது ஷென்செனிலிருந்து நேராக ஏர்போர்ட் வருவதானால், குவாங்சோ சவுத்தில் இறங்கி இரண்டாம் லைனில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி ஜியாஹே வாங்காங் வரை வந்து, மூன்றாம் லைன் ஏற வேண்டும். மெட்ரோவுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். கடைசியாக, உங்கள் நண்பர் ஒருவர் குவாங்சோவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் யீவு என்ற சீன ஊருக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் சொல்லுங்கள்: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்கைக் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. செக்யூரிட்டியில் பிடுங்கிக் கூடையில் போடுவார்கள், வாதாடிப் பயனில்லை. பழையதை உங்களிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே முத்திரையோடு புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.